ரோசலியா அம்மாள் தந்த கறித்தூள்

செத்து எண்ணூறு வருடமான ஓர் இத்தாலியப் பெண்பிள்ளை எங்களுக்கு யாழ்ப்பாணத்துக் கறித்தூள் தந்தார். சிசிலித் தீவில், மேகம் உரசும் ஒரு மலையில், ஞாயிற்றுக்கிழமை காலையில். செத்தல் மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் வறுத்து இடித்த அசல் தூள். மூடியைத் திறந்தபோது அடித்த வாசத்தில் இத்தாலியக் குருவிகள் எல்லாம் ஒருதரம் தும்மின.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். நான் இளைப்பாறிய மனிதன், எனக்கு அவசரமில்லை.

இதற்காக என்னைப் பார்த்துச் சிரித்த சனத்தை வரிசையில் விட்டால், வரிசை ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் தொடங்கி அடுத்த பட்டணமான விட்பியில்தான் முடியும். அது எனக்கு உறைக்கவில்லை. ஆனால் சிசிலியில் அதே பஸ்ஸில் எங்களோடு வந்து, அதே தூளில் சமைத்த கறியை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட என் மச்சான் அருள்நாயகமும் அல்லவா "பொய்" என்கிறார்?

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை காலையில், மார்க்கம் என்ற ஊரில் அவருடைய வீட்டு வாசலில், என் மனைவி ஜெயமலர் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இறங்கமாட்டேன் என்று இருக்கிறாள்.

கிழமைதோறும் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குக் கதை தெரியும். புதிதாக வந்து குந்தியவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அருள்நாயகம் என் மனைவியின் அண்ணன். எங்கள் எல்லோருக்கும் முன்னால் கனடாவுக்கு வந்து, எங்களை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவர். ஊரில் வங்கி மனேஜர். இன்றைக்கும் சேட்டை இஸ்திரி போடாமல் குப்பை போடக்கூட வெளியே வரமாட்டார். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் துவாரகா. அவளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலியாணம். மாப்பிள்ளை ராகவன், தமிழ்நாட்டுப் பிள்ளை.

தாய் இல்லாத பிள்ளைக்கு மாமிதான் தாய். ஆலாத்தி எடுப்பதும் அவள்தான், மணவறைக்குக் கூட்டிப் போவதும் அவள்தான். இன்றைக்குப் பலகாரச் சூடு. கலியாணப் பலகாரத்தில் முதல் பணியாரத்தை எண்ணெயில் போட வேண்டியவளும் அவள்தான்.

அதுவும் ஒன்பது மணிக்கு முன்னால். ஒன்பதுக்கு ராகு காலம் தொடங்குகிறது.

"இறங்கு மலர்," என்றேன் கண்ணாடியில் தட்டி.

கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது. "தந்தவளை இல்லை எண்டு சொன்ன மனுசன்ரை எண்ணெய்ச் சட்டியிலை நான் கை வைக்கமாட்டன். இண்டைக்கும் இல்லை, கலியாணத்தண்டும் இல்லை. போய்ச் சொல்லுங்கோ."

கண்ணாடி ஏறிவிட்டது.

கராஜுக்குள் போனேன். கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு குளம் நின்றது. சட்டி என்று சொன்னார்கள். ஸ்காபரோவில் கலியாண வீடுகளுக்குச் சட்டியும் காஸ் அடுப்பும் வாடகைக்குக் கொடுக்கும் வின்சன்ற் என்ற பெடியன் அதை அடுப்பில் ஏற்றி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். சுவரோரம் சைக்கிளும் பனி தள்ளுகிற சவளும். அவற்றுக்கு முன்னால் பாய் விரித்து, சொந்தக்காரப் பெண்கள் பயத்தம் உருண்டை பிடித்து மலையாகக் குவித்திருந்தார்கள்.

நடுவில் மடக்குக் கதிரையில் சம்பந்தியம்மா அகிலாண்டேஸ்வரி. எங்களுடைய பலகாரச் சூடு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டு வந்திருந்தார்.

"ஏன் சார், உங்க வீட்டம்மா கார்லயே உக்காந்திருக்காங்க? உடம்பு சரியில்லையா?"

அருள்நாயகம் இருமினார். "அவவுக்குக் கொஞ்சம் தலையிடி, சம்பந்தியம்மா."

"தலையிடி இல்லை, அண்ணன் இடி," என்றேன் நான். "நேற்று கோயிலிலை இவர் உங்களுக்கு என்ன சொன்னவர்?"

அந்த அம்மாள் யோசித்தார். "உங்க சிசிலி டூர் பத்தித்தான். ஏர்லைன்ஸ்காரங்க பொடியைத் தொலைச்சுட்டாங்க, தங்கச்சி பையில இன்னொரு பாக்கெட் கிடைச்சுது, அதுல சமைச்சாங்க. மலை, சாமி, யாரோ ஒரு பொண்ணு குடுத்தான்னு நீங்க சொல்றதெல்லாம் சும்மா கதைன்னார்."

"அதைத்தான் இவரின்ரை தங்கச்சி பின்னாலை நிண்டு கேட்டவ."

"எண்ணெய் இன்னும் சூடாகேல்லையே?" என்று அருள்நாயகம் வின்சன்றைக் கேட்டார்.

"இவ்வளவு எண்ணெய் அண்ணை. கொஞ்சம் பொறுக்கவேணும்," என்றான் அவன்.

எண்ணெய் சூடாகும்வரை நேரம் இருக்கிறது. கேட்க ஆளும் இருக்கிறது. இப்படி ஒரு சந்தர்ப்பத்தை விட நான் என்ன சாமியாரா? வாளி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டுக் குந்தினேன்.

சம்பந்தியம்மா, வைகாசியில் எங்கள் முதியோர் சங்கத்திலிருந்து பஸ் நிறையச் சனம் சிசிலிக்குப் போனோம். தீவைச் சுற்றுவது, போகிற இடமெல்லாம் தின்பது, இடையிடையே பழைய கோயில் குளம் பார்ப்பது. இதுதான் பயணம். கோயில் பார்த்தால் பசிக்கும், தின்றால் நடக்க வேண்டும், நடந்தால் இன்னொரு கோயில் வரும். கடவுள் இப்படித்தான் உலகத்தை அமைத்திருக்க வேண்டும். கனடாவைச் செய்யும்போது அவருக்குக் குளிரில் கை விறைத்துவிட்டது.

விடியற்காலையில் எலுமிச்சம்பழ ஐஸை, நீங்கள் பிரெட் என்கிற பாணோடு தருவார்கள். காலைச் சாப்பாடே அதுதான்! எலுமிச்சம்பழம் ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. சந்தையில் வாள்மீனை வெட்டி வைத்திருப்பார்கள், அதன் மூக்கில் எங்கள் சங்கத் தலைவர் தொப்பியைக் கொழுவிவிட்டு மறந்துபோய் வந்துவிட்டார். கடலை மாவைக் களி கிண்டி, தட்டி, பொரித்து, பாணுக்குள் வைத்துத் தருகிறான் ஒருவன். ஒரு கடியில் எனக்குப் பத்து வயது குறைந்தது. ஆறு தின்றேன். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"குழந்தைப்பிள்ளையாய்த்தான் பஸ்ஸிலை ஏறினவர்," என்றார் அருள்நாயகம். "மூளை இன்னும் வளரேல்லை."

பாயில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நல்லது. மச்சான் வாய் திறந்தால்தான் எனக்குக் கதை ருசிக்கும்.

நாங்கள் தங்கியது பலெர்மோவுக்கு வெளியே, கொஞ்செற்றா என்ற அம்மாளின் தோட்ட வீட்டில். அவர் ஒரு சாப்பாட்டு அரக்கி. கத்தரிக்காயைப் பொரித்துப் புளியும் சீனியும் போட்டு ஒரு கறி, சோற்றை உருட்டி நடுவில் இறைச்சி வைத்துப் பொரித்த பந்து, மத்தி மீன் போட்ட பஸ்ரா. சாப்பாட்டுக் கோப்பையை வழித்துத் தின்பது எங்கள் மரியாதை. கோப்பை காலியானால் நிரப்புவது அவருடைய மரியாதை. இரண்டு மரியாதையும் மோதினால் என்ன நடக்கும்? என் பெல்ற் நடுச்சாப்பாட்டில் வெடித்து எதிர்ச் சுவரில் பட்டது.

எல்லோரும் தின்றோம். ஜெயமலருக்கு மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

"ஒவ்வொரு நேரமும் அவவின்ரை கையாலை வாங்கித் தின்னுறம்," என்றாள் என்னிடம். "ஒரு நேரமாவது அவ என்ரை கையாலை தின்னவேண்டாமே? கனடாவுக்கு வந்த புதிசிலை சேர்ச் நிலவறையிலை கியூவிலை நிண்டு சாப்பாட்டுப் பெட்டி வாங்கினம். அண்டைக்கு வழியில்லை. இண்டைக்கும் கையைக் கழுவிப்போட்டுப் போறதே?"

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொஞ்செற்றா அம்மாளின் அடுப்பு என் மனைவி கைக்கு வந்தது. கணவாய்ப் பிரட்டல் செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"கணவாய்னா என்ன காய் சார்?" என்றார் சம்பந்தியம்மா. அவர் சுத்த சைவம்.

"கடலிலை காய்க்கிறது, அம்மா."

"ஐயோ," என்று முந்தானையால் வாயைப் பொத்தினார். கதிரையை மட்டும் இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டார்.

சரி, கணவாய் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, தூள் எங்கே? அதை ரொறன்ரோவிலேயே ஜெயமலர் கட்டிக் கொண்டுவந்தாள். வழியில் அண்ணன் அதை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "நீ கண்ட இடத்திலை விட்டிடுவாய். நான் பத்திரமாய் வைச்சிருக்கிறன்." விமானம் இறங்கிய பிறகு பார்த்தால், தூள் இல்லை.

"விமானக் கொம்பனி தொலைச்சுப்போட்டுது," என்றார் அருள்நாயகம்.

"கையிலை கொண்டுபோன பையை விமானக் கொம்பனி எப்பிடி மச்சான் தொலைக்கும்? பைலற் வந்து எடுத்துக்கொண்டு போய்ப் புட்டுக்குக் கறி வைச்சவனோ?"

போன கிழமை படித்தவர்களுக்கு நான் கண்டது தெரியும். விமானம் இறங்கத் தொடங்கியபோது மச்சான் தூள் பைக்கற்றோடு கழிவறைக்குள் போனார். வெறுங்கையோடு வந்தார். ஏன் என்று கேட்டால் வாய் திறக்கமாட்டார். சம்பந்தியம்மாவுக்கு முன்னால் அதை இழுத்துப் போட எனக்கும் மனம் வரவில்லை. நான் புளுகன்தான், போக்கிரி இல்லை.

"மாமா, மெயின் பாட்டுக்கு வாங்கோ," என்றாள் துவாரகா. கையில் மருதாணியோடு வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கண் மட்டும் காரிலே இருந்தது.

வந்தேன். ஞாயிறு காலை பஸ் எங்களை ஒரு மலைக்குக் கொண்டுபோனது. அந்த ஊரைக் காக்கிற ரோசலியா அம்மாள் முற்காலத்தில் தவமிருந்த குகை அங்கே இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஆயிரம் படி ஏற வேண்டும்.

"போன கிழமை ஐந்நூறு," என்றாள் துவாரகா.

"வயது போகப் போகப் படி கூடும், பிள்ளை. உன்ரை கொப்பருக்கு முழங்கால் நோ எண்டு அவர் பஸ்ஸிலேயே நித்திரை."

குகைக்குள் போனால் மார்கழி மாதக் குளிர். பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. சனத்தின் தலையில் விழாமல் இருக்க மேலே எல்லாம் தகரப் பீலி கட்டி விட்டிருக்கிறார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள், தங்கச் சேலை உடுத்தி, சரிந்து படுத்திருக்கிறா அம்மாள். உங்கள் சீரங்கத்துச் சாமி மாதிரி ஒரு கிடை.

ஜெயமலர் நல்லூர்க்காரி. அவளுக்குக் கிறிஸ்தவர்களின் வேதம் எது, சைவம் எது என்று பிரிக்கத் தெரியாது. செருப்பைக் கழற்றினாள். கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். குகை முழுக்க எதிரொலிக்கும்படி சொன்னாள்:

"அம்மாளாச்சி! எனக்குப் பொன்னும் வேண்டாம், பொருளும் வேண்டாம். ஒரு சுண்டு கறித்தூள் தந்தால் காணும்!"

பின்னால் ஒரு குரல் கேட்டது: "அன்ரி, நீங்கள் யாழ்ப்பாணமே?"

சம்பந்தியம்மா, எனக்குக் கால் இரண்டும் நிலத்தில் இல்லை. அம்மாள்தான் எழும்பிவிட்டா என்று நினைத்தேன்! யாழ்ப்பாணத் தமிழ் எப்போது படித்தா என்றுகூட யோசித்தேன். திரும்பிப் பார்த்தால் சேலை கட்டிய ஒரு பெண். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் வேட்டி. பொட்டு, சிலுவை, மல்லிகைப்பூ. குகை நிறைய எங்களுடைய சனம்!

"இத்தாலியிலயா? தமிழ் ஆளுங்களா?" என்றார் சம்பந்தியம்மா.

"பலெர்மோ முழுக்க இருக்கினம், அம்மா. ஞாயிற்றுக்கிழமை எண்டால் மலைக்கு வந்திடுவினம். வேதக்காரரும் வருவினம், சைவக்காரரும் வருவினம். அம்மாள் ஆரையும் பேர் கேக்கிறதில்லை."

"மலையுச்சியிலை யாழ்ப்பாணம்!" என்றார் அருள்நாயகம். "அடுத்த கிழமை நயாகராவிலை நல்லெண்ணெய் ஓடினது எண்டுவான். அள்ளிக்கொண்டு வந்து இந்தச் சட்டியிலை ஊத்தினது எண்டுவான்."

நான் விடவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பேர் ஜசிந்தா. ஊர் பாசையூர். பலெர்மோவில் வீடுகள் துப்புரவாக்குகிற வேலை. ஜெயமலர் தூள் தொலைந்த கதையைச் சொன்னதும் அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மலையால் இறங்கினான். நான் மூச்சு விட்டு முடிக்க முன்னம் திரும்பி வந்தான், கையில் ஒரு பழைய கோப்பித் தகர ரின்.

பஸ்ஸடியில் வைத்து ஜசிந்தா ரின்னைத் திறந்தாள். அவளுடைய தாய் ஊரில் வறுத்து இடித்து அனுப்பிய தூள். தாய் இப்போது ஊரில் இல்லை. சண்டையில் இடம்பெயர்ந்து வன்னியில் யாரோ ஒருவருடைய காணியில் கொட்டில் போட்டு இருக்கிறா. அதற்குப் பிறகு தூள் வரவில்லை. இனி எப்போது வரும் என்றும் தெரியாது.

"அப்ப வேண்டாம், பிள்ளை," என்று ஜெயமலர் கையைப் பின்னுக்கு இழுத்துவிட்டாள்.

ஜசிந்தா சொன்னாள்: "அன்ரி, நீங்கள் அம்மாளிட்டை வாய் விட்டுக் கேட்டுட்டியள். நான் இல்லை எண்டு சொன்னால், வாற ஞாயிறு எந்த முகத்தோடை அவவுக்கு முன்னாலை நிக்கிறது?"

பாதியைத் தந்தாள். ஜெயமலர் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பஸ் ட்றைவரும் அழுதான், அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

கராஜில் யாரும் சிரிக்கவில்லை. உருண்டை பிடித்த கைகள் நின்றுவிட்டன.

"கனடாவிலை அவவுக்கு ஒரு தம்பியும் இருக்கிறானாம்," என்றேன். "எங்கை எண்டுதான் தெரியாதாம். தொடர்பு விட்டுப்போச்சுதாம்."

அடுப்படியிலிருந்து வின்சன்ற் தலையை நிமிர்த்தினான். "அண்ணை, அந்த அக்கான்ரை ஊர் என்ன எண்டு சொன்னனீங்கள்?"

"பாசையூர். ஏன், தெரியுமே?"

அவன் குனிந்து, சரியாகத்தான் எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்து, திரும்பவும் பற்ற வைத்தான். அதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்; அந்தக் கதை அடுத்த கிழமைக்கு.

மிச்சத்தைக் கேளுங்கள், சம்பந்தியம்மா. அன்று பின்னேரம் ஜெயமலர் கணவாயைப் பிரட்டி இறக்க, கொஞ்செற்றா அம்மாள் ஒரு வாய் வைத்தார். அசையவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. உறைப்பா, சந்தோசமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு எழும்பி வந்து ஜெயமலரைக் கதிரையில் இருத்தி, தானே போட்டுக் கொடுத்து, அவள் சாப்பிடும்வரை பக்கத்தில் நின்றார். என் மனைவியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கனடா வந்த காலத்துக்கு அந்த முகத்தை நான் கண்டதில்லை. இது மட்டும் புளுகில்லை.

"எண்ணெய் சரி," என்றான் வின்சன்ற்.

எல்லோரும் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். ராகு காலம் கேற்றடியில் வந்து நின்றது.

துவாரகா காருக்குப் போனாள். கண்ணாடி ஒரு விரல் இறங்கியது. திரும்பி வந்தாள். மருதாணிக் கையை நீட்டித் தகப்பனுக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா, மாமி இல்லாட்டி நான் மணவறைக்கு வரமாட்டன். ஐ மீன் இற்."

"பிள்ளை, சம்பந்தியம்மாவுக்கு முன்னாலை..."

"அம்மாவும் இல்லை. மாமியும் இல்லாட்டி ஆர் என்னைக் கூட்டிக்கொண்டு போறது? நீங்களே ஆலாத்தி எடுக்கப் போறீங்கள்? ஜஸ்ற் போய்க் கதையுங்கோ, அப்பா. ப்ளீஸ்."

அருள்நாயகம் சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டு காரடிக்குப் போனார். நான் கார் ரயருக்குக் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் பின்னால் போனேன். காற்று இருந்தது. இருந்தாலும் நான்கு ரயரையும் ஆறுதலாகப் பார்த்தேன்.

"மலர், எண்ணெய் கொதிக்குது."

"கொதிக்கட்டும்."

"நேரம் போகுது."

"போகட்டும்."

மச்சான் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தெருவில் யாரோ புல் வெட்டும் சத்தம்.

"நான் முதல் கனடாவுக்கு அகதியாய் வரேக்கை என்னை ஒரு ஏஜென்ற் கூட்டிக்கொண்டு வந்தவன். தெரியுமெல்லே? பிளேன் இறங்கத் தொடங்கினவுடனை ரொய்லெற்றுக்குப் போய்ப் பாஸ்போட்டைக் கிழிச்சுக் கொட்டச் சொன்னவன். கொட்டினனான். என்ரை படம் தண்ணியிலை சுத்திச் சுத்திப் போனது இன்னும் கண்ணுக்குள்ளை நிக்குது."

கண்ணாடி அரைவாசிக்கு இறங்கியது.

"இந்த முறை என்ரை பொக்கற்றுக்குள்ளை கனடாப் பாஸ்போட். எனக்கு அது தெரியும், மலர். ஆனா பெல்ற் லைற் எரிஞ்சவுடனை எழும்பி ரொய்லெற்றுக்குப் போட்டன். எதையாவது கொட்டவேணும், கொட்டினால்தான் விடுவாங்கள் எண்டு மனம் சொல்லுது. கையிலை கிடந்தது உன்ரை தூள்."

ஜெயமலர் அவரைப் பார்த்தாள். நான் ரயரடியில் குந்தியபடியே இருந்தேன், எழும்ப மனம் வரவில்லை. எங்களைக் கூப்பிட்டுக் கனடாவில் இறக்கிய மனிதர் எப்படி இறங்கினார் என்று இத்தனை வருடத்தில் நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

"இதை ஏன் அண்ணை எங்களுக்குச் சொல்லேல்லை?"

"மனேஜர் மனுசன் கறித்தூளைக் கண்டு பயந்தவன் எண்டு சொல்லச் சொல்லுறியோ?"

அவள் சிரிக்கவில்லை. "தூள் போனால் போகட்டும். அதுக்கு நான் கோவிக்கேல்லை. அந்தப் பிள்ளை தாயின்ரை கையாலை கிடைச்ச கடைசித் தூளைப் பாதி பிரிச்சுத் தந்தவள். அவளை ஏன் இல்லை எண்டனீங்கள்?"

மச்சான் குனிந்து சேட்டுப் பொத்தானைச் சரிபார்த்தார்.

"என்னட்டைச் சொல்லிப் பலன் இல்லை. நேற்று ஆருக்கு இல்லை எண்டனீங்களோ, அவைக்குச் சொல்லுங்கோ."

கார்க் கதவு திறந்தது. என் மனைவி இறங்கினாள். சேலையை உதறிவிட்டு நேரே கராஜுக்குள் நடந்தாள். பாயிலிருந்த பெண்கள் வழி விட்டார்கள். ஒரு பயத்தம் உருண்டையை எடுத்தாள், மாக்கரைசலில் தோய்த்தாள், கொதிக்கிற எண்ணெய்க்கு மேலே பிடித்தாள்.

போடவில்லை. பிடித்தபடியே நின்றாள். மாக்கரைசல் சொட்டுச் சொட்டாக விழுந்து எண்ணெயில் சீறியது. துவாரகா என் கையைப் பிடித்து நசித்தாள், மருதாணி முழுக்க என் வெள்ளைச் சேட்டில்.

அருள்நாயகம் சம்பந்தியம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். நெற்றியைத் துடைத்தார்.

"சம்பந்தியம்மா, நேற்றுக் கோயிலிலை நான் சொன்னது பொய். தூளை ஒருத்தரும் தொலைக்கேல்லை. பயத்திலை நான்தான் கொட்டினனான். ஏன் எண்டதை ஆறுதலாய் இருந்து சொல்லுறன், கேக்கவேணும்."

"பரவாயில்லீங்க," என்றார் அந்த அம்மாள் மெதுவாக. "பயம் யாருக்கு இல்ல?"

"அப்ப மற்றது, அண்ணை?" என்றாள் ஜெயமலர். கையிலிருந்த உருண்டை நழுவப் பார்த்தது, பிடித்துக்கொண்டாள். "எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

"நான் அண்டைக்குப் பஸ்ஸிலை நித்திரை இல்லை." அவர் இப்போது தங்கச்சியைப் பார்த்துத்தான் பேசினார். "கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான். பிறகு யன்னலாலை பாத்தனான். அந்தப் பிள்ளை ரின்னைத் திறந்ததைக் கண்டனான். நீ வேண்டாம் எண்டு கையை இழுத்ததையும் கண்டனான். இறங்கி வந்து அவளுக்கு ஒரு நன்றி சொல்ல எனக்கு முகம் இருக்கேல்லை."

"அப்ப இவர் சொன்னது?" என்று ஜெயமலர் கண்ணால் என்னைக் காட்டினாள்.

என் மச்சான் என்னை ஒரு முறை முறைத்தார். அந்த முறைப்பை நான் ஆயுளுக்கும் சட்டம் போட்டு வைத்திருப்பேன்.

"நடந்தது," என்றார். உருண்டை எண்ணெய்க்குள் விழுந்தது. அந்தச் சீறலுக்கு மேலால் கராஜ் அதிர இன்னொரு தரம் சொன்னார்: "நடந்தது! அந்தப் பிள்ளை தந்தவள், நான் என்ரை கண்ணாலை கண்டனான்!"